கையுறை போடாத கைகள்

அக்னெஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்த மொன்றியல் முழுக்கத் தேடினாலும் காண முடியாது. கதவு மணி அடித்தால் பயம். அரசாங்க முத்திரை போட்ட கடித உறை வந்தால் பயம்; இரண்டு நாள் அதைப் பிரிக்காமல் மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுதிரி கொளுத்துவாள். மெட்ரோ வாசலில் சீருடைக்காரர் நின்றால், கையில் மாதச் சீட்டு இருந்தும், மற்ற வாசலால் சுற்றிப் போவாள். மன்னாரில் பேசாலைப் பக்கம் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்தவள், அப்படித்தான் இருப்பாள் என்று எங்கள் பங்குச் சனம் சொல்லும். என்ன கதை இது? நானும் குருநகரில் அதே சாவடிகளைத் தாண்டி வளர்ந்தவள்தான். எனக்குக் கோபம் வந்தது, அவளுக்குப் பயம் வந்தது. ஆண்டவர் பங்கு பிரித்த விதம் அப்படி.

நான் நிரஞ்சனி. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுப் பின் அறையில் நாலு வருடமாக அக்னெஸ் இருக்கிறாள். நாற்பத்தாறு வயது. புருஷன் றெனோல்ட் பேசாலையில் கடலுக்குப் போகிறவர். மகள் கத்தரினுக்குப் பதினைந்து வயது. தாய் விமானம் ஏறும்போது அந்தப் பிள்ளைக்குப் பதினொன்று. இப்போது வீடியோவில் வந்து, "அம்மா, உங்கட உயரத்துக்கு வந்திட்டன்" என்கிறது. அக்னெஸ் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகவும் எனக்கு அழுகை கேட்கும்.

கொழும்பில் கன்னியர் நடத்திய முதியோர் மடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்த அனுபவத்தைக் காட்டித்தான் இங்கே வந்தாள். இங்கேயும் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. அவளுடைய வேலை அனுமதியில் அந்த ஒரே இல்லத்தின் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறது. அங்கே வேலை போனால் இன்னொரு இடத்தில் போய் நிற்க முடியாது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகிறது. அது வந்தால்தான் மகளையும் புருஷனையும் கூப்பிடலாம். ஆகவே அந்த வேலைதான் அவளுக்கு மகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

இல்லத்தில் அவளோடு ஒரே மாடியில் லூர்தெஸ் என்ற பிலிப்பினோப் பெண் வேலை செய்தாள். அக்னெஸுக்கு ஐந்து வயது இளையவள். குடியுரிமை எடுத்து ஆறு வருடம். அதனால் முதுகு நிமிர்ந்து நடப்பாள், வாய்விட்டுச் சிரிப்பாள், எதையும் தொலைபேசியில் படம் பிடிப்பாள். சாதாரணமாக இல்லை, வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து, பிறகு கணினியில் போட்டு வெட்டி ஒட்டிக் குறும்படம் செய்வாள். அவ்வளவும் அவர்களுடைய நத்தார் விழாவுக்காக, கிறிஸ்மஸுக்கு நடக்கிற படவிழாவுக்காக.

அந்த விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் நத்தார் தினத்தில் தொடங்கி இரண்டு கிழமைக்குத் திரையரங்குகளில் அவர்களுடைய படம் மட்டும்தான் ஓடுமாம். வெளிநாட்டுப் படமெல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும். நடிகர் நடிகையர் அலங்கார வண்டியில் ஊர்வலம் வருவார்கள், பிறகு விருது விழா. சனம் பூசை முடிந்து, சாப்பிட்டு, குடும்பத்தோடு படத்துக்குப் போகும். இங்கே வந்த பிலிப்பினோக்களால் அதை விட முடியவில்லை. கோட்-டே-நேஜ் பகுதியில் ஒரு மாதா கோவிலின் நிலவறை மண்டபத்தை எடுத்துத் தாங்களே ஒரு விழா நடத்துகிறார்கள். இங்கே வாழும் ஆட்கள் எடுத்த குறும்படங்கள், மூன்று நடுவர்கள், விருதுகள். ஊர்வலமும் உண்டு. வெளியே பனி கொட்டுவதால் மண்டபத்துக்குள்ளேயே. கடைச் சாமான் வண்டிகளையும் சக்கர நாற்காலிகளையும் மினுங்கல் தாளால் அலங்கரித்து, அதில் நடித்தவர்களை இருத்தித் தள்ளிக்கொண்டு மூன்று சுற்று வருவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரித்து வயிறு நொந்தது.

இனி எண்ணெய்க் கதைக்கு வருவோம்.

அக்னெஸின் மாடியில் மதாம் கானியோன் என்று ஒரு அம்மா. எண்பத்தெட்டு வயது. நினைவு பாதிக்கு மேல் போய்விட்டது. தலை சீவப் போனால் கத்துவார், கையை வீசி அடிப்பார். மற்றவர்கள் பயந்து சீவாமலே விடுவார்கள். அக்னெஸ் மட்டும் உச்சியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தோல் காய்ந்து செதில் செதிலாக இருந்ததாம். வீட்டுக்கு வந்து, "அக்கா, அந்த மனுசிக்குத் தலை எரியுது. அதுதான் கத்துறா" என்றாள். மறுநாள் நான் பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். ஓம், வாங்கிக் கொடுத்தது நான்தான். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்னெஸ் மதாமின் தலையில் எண்ணெய் வைத்தாள். எங்கள் பெண்களுக்கு எண்ணெய் வைக்கிற நாட்கள் அவைதானே. கியூபெக்கில் பிறந்த தலைக்கு மட்டும் நாள் மாறுமா? எண்ணெய் பஸ்ஸில் குளிருக்கு உறைந்துவிடும் என்று சின்னப் போத்தலில் ஊற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கொண்டுபோவாள். இரண்டாம் கிழமையே மதாம் கத்துவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் கிழமை, அக்னெஸ் அறைக்குள் வந்ததும் தன் உச்சந்தலையில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். வை என்று அர்த்தம். எண்ணெய் வைக்கும்போது கண்ணை மூடிச் சிரிப்பாராம். அதை லூர்தெஸ் படம் பிடித்தாள்.

இதில் மூன்று குற்றம். பராமரிப்புத் திட்டத்தில் எழுதாத எதையும் அங்கே இருப்பவர்களின் உடம்பில் பூசக் கூடாது. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. படம் பிடிக்கவே கூடாது. கன்னியர் மடத்தில் பன்னிரண்டு வருடம் வெறும் கையால் எண்ணெய் வைத்தவளுக்கு இதில் ஒன்றுகூடக் குற்றமாகத் தோன்றவில்லை. மெட்ரோவில் சீருடையைக் கண்டு ஓடுகிறவள், எண்ணெய் வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு தலைக்கு எண்ணெய் வைப்பதை எந்த ஊரில் கண்டீர்கள்?

ஒக்டோபர் நடுப்பகுதியில் மதாமின் மகள் சொலான்ஜ் வந்தார். தலையணையில் மஞ்சள் கறை, அறையெல்லாம் தேங்காய் வாசம். என் தாயின் தலையில் யார் எதைப் பூசியது என்று எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டுப் போனார். முகாமையாளர் அந்த மாடியில் வேலை செய்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடப் போவதாக அறிவித்தார்.

அன்று பின்னேரம் அக்னெஸ் பேயறைந்த முகத்தோடு வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. மழைத் தண்ணீர் நிலமெல்லாம் ஓடியது.

"அக்கா, நாளைக்கு என்னைக் கூப்பிடுகினம். என்ன சொல்ல?"

"என்னத்தைச் சொல்ல? இல்லையெண்டு சொல்லிப்போட்டு வா!" என்றேன். "யார் கண்டது? விசரி மாதிரி ஓமெண்டு சொல்லிப்போட்டுப் பெட்டியைக் கட்டப் போறியே? பிள்ளையை நினை."

பிள்ளையை நினைத்தாள். இல்லை என்றாள். ஒரு கடதாசியை நீட்டினார்களாம். "திட்டத்தில் இல்லாத எந்தப் பொருளையும் நான் பாவிக்கவில்லை" என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டாள். லூர்தெஸும் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். விசாரணை அதோடு முடிந்தது. எண்ணெய்ப் போத்தல் எங்கள் குசினி யன்னல் விளிம்பில் அப்படியே உறைந்து வெள்ளையாகிக் கிடந்தது.

நவம்பர் இருபத்திரண்டில் மதாம் கானியோன் இறந்துபோனார். அக்னெஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மண்டைக்குள் இன்னும் அந்தக் கடதாசிதான் ஓடுகிறது என்று நான் நினைத்தேன். "செத்த மனுசி சாட்சி சொல்ல வரமாட்டா, சாப்பிடு" என்று பகிடியும் விட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் லூர்தெஸ் ஒரு பெட்டி கேக்கோடு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அக்னெஸைக் கட்டிப்பிடித்துச் சுழற்றினாள். அவளுடைய குறும்படம் விழாவுக்குத் தெரிவாகிவிட்டது. ஒன்பது நிமிடம். படத்தின் பெயர் 'செவ்வாய், வெள்ளி'.

அக்னெஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ர முகம் அதில கிடக்கு. என்ர முகம்!" என்று தமிழிலேயே கத்தினாள். லூர்தெஸுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்திலும் உடைந்த பிரெஞ்சிலும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். கடைசியில் லூர்தெஸ் இறங்கி வந்தாள். முகம் வருகிற இடமெல்லாம் வெட்டிவிடுவாள். குரலையும் எடுத்துவிடுவாள். பெயர் போடமாட்டாள். கைகள் மட்டும் இருக்கும். கைகளை யாருக்குத் தெரியும் என்றாள்.

தெரியுமே! அக்னெஸின் இடது பெருவிரல் நகம் நடுவால் இரண்டாகப் பிளந்தது. சின்ன வயதில் பாரை மீன் வெட்டும்போது கத்தி இறங்கி, அதற்குப் பிறகு அந்த நகம் ஒன்றாக முளைக்கவே இல்லை. ஒருதரம் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இல்லத்தில் வேலை செய்கிற மற்றப் பிலிப்பினோக்கள் மூன்று பேரும் விழாவுக்கு வருவார்கள். விருது விழா முகப்புத்தகத்தில் நேரடியாகப் போகும். அதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவள் அந்த மாதம் முழுக்கத் தானும் நித்திரை கொள்ளவில்லை, என்னையும் கொள்ளவிடவில்லை. நகத்துக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். எல்லாம் படம் எடுத்த பிறகு! நான் கோபத்தில், "இனி விரலை வெட்டு" என்றேன். அவள் அதையும் யோசித்த மாதிரித்தான் இருந்தது.

விழாவுக்குப் போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று பயம். பயந்தவர்களின் கணக்கு அப்படித்தான். டிசம்பர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் மீன் ரோல்ஸ் ஐம்பது செய்து கொண்டுபோனோம்.

மண்டபத்தின் கூரையெல்லாம் கடதாசி நட்சத்திரக் கூடுகள். முந்நூறு பேர் இருக்கும். பின் சுவரோடு நீட்டு மேசைகளில் குளிர் ஜாக்கெட்டுகள் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன. எங்களுடையவை அதற்கு அடியில். ஊர்வலம் தொடங்கியது. லூர்தெஸ் ஒரு சாமான் வண்டியை நீலத் தாளால் சுற்றி, இரண்டு பெரிய மட்டைக் கைகளை வெட்டி ஒட்டியிருந்தாள். வண்டிக்குள் ஒருவரும் இல்லை. வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்தபோது அக்னெஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அக்னெஸ் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினாள். அந்தச் சப்பாத்தில் நாடாவே கிடையாது.

படம் ஓடியது. கதை என்று ஒன்றுமில்லை. ஒரு யன்னல், ஒரு பழைய கதிரை, ஒரு வெள்ளைத் தலை. கைகள் வருகின்றன. உள்ளங்கையில் எண்ணெய், விரல்கள் வகிடு பிரிக்கின்றன, சீப்பின் சத்தம் மட்டும் கேட்கிறது. பிளந்த நகம் திரையில் கதவு அளவுக்குத் தெரிந்தது. மதாம் கண்ணை மூடிச் சிரித்தார். நான் நாலு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். அவளுடைய கைகள் அவ்வளவு அழகு என்று அன்றுதான் கண்டேன்.

விளக்குப் போட்டதும் அக்னெஸ் என் தொடையை இறுக்கிப் பிடித்தாள். நகம் துணியைத் தாண்டி இறங்கியது.

"அக்கா. முன்னுக்கு ரெண்டாவது வரிசை. சாம்பல் நிறச் சால்வை."

"ஆரடி?"

"மகள். சொலான்ஜ்."

முறைப்பாடு கொடுத்த மனுசி நேரே வந்து உட்கார்ந்திருக்கிறது, படத்தையும் பார்த்துவிட்டது. அடையாளம் பிடிக்கத்தான் வந்திருக்கிறது, வேறு என்னத்துக்கு வரும்? அக்னெஸின் உதடு வெளுத்துப் போனது. எழும்பிப் போவோம் என்றாள். எப்படிப் போவது? ஜாக்கெட்டுகள் மலைக்கு அடியில், வெளியே கழித்தல் பதினெட்டுப் பாகைக் குளிர். வாசலை ஊர்வல வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. சட்டைப்பைக்குள் செபமாலை மணிகள் கிட்டுக்கிட்டென்று உருள்வது எனக்குக் கேட்டது.

விருதுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். சிறந்த ஒளிப்பதிவு, சிறந்த வண்டி, சிறந்த நடிகர். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல், கூச்சல், முத்தம். பிறகு அறிவிப்பாளர் பெண் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இந்த வருடம் நடுவர்கள் ஒரு விசித்திரமான முடிவு எடுத்திருக்கிறார்கள் என்றாள். சிறந்த நடிகைக்கான விருது, முகமும் பெயரும் இல்லாத ஒருவருக்கு. 'செவ்வாய், வெள்ளி' படத்தின் கைகளுக்கு. விருதைக் கொடுக்க அந்தப் படத்தில் வந்த அம்மாவின் மகளையே அழைத்திருக்கிறோம் என்றாள்.

பிறகுதான் எங்களுக்குத் தெரியும்: படத்தில் வருகிற நோயாளியின் குடும்பத்திடம் ஒப்பம் வாங்க வேண்டும் என்பது விழாவின் சட்டம். லூர்தெஸ் சொலான்ஜைத் தேடிப் போய்ப் படத்தைக் காட்டி ஒப்பம் வாங்கியிருக்கிறாள். கைகள் யாருடையவை என்று கேட்டதற்கு, அவர் விரும்பினால் அவரே சொல்வார் என்றிருக்கிறாள். அக்னெஸிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் படம் அன்றே குப்பைக்குப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சொலான்ஜ் மேடையில் ஏறினார். அறுபது வயதிருக்கும். கையில் கடதாசி நட்சத்திரம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள், அதுதான் விருது. பிரெஞ்சில் பேசினார். எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன்.

"என் அம்மா கடைசிக் கிழமைகளில் இப்படிச் செய்துகொண்டிருந்தார்" என்று தன் உச்சந்தலையில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். "தலைவலி என்று நினைத்தேன். மருத்துவரைக் கூப்பிட்டேன். மாத்திரை கொடுத்தார்கள். அவர் திரும்பவும் தட்டினார். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்று விளங்கியது. எண்ணெய்க்கு எதிராக முறைப்பாடு கொடுத்தது நான். மாதத்துக்கு ஒருதரம் வருகிற மகள், அக்கறை இருக்கிற மாதிரிக் காட்ட ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கைகள் இங்கே இருந்தால்..."

நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அக்னெஸ்தான். "என்னட்டையும் கேட்டவ" என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, மடிக்குச் சொன்னாள். "என்னட்டையும் கேட்டவ அக்கா. ஒவ்வொரு செவ்வாயும் தலையில தட்டினவ. வெள்ளியும் தட்டினவ. நான் யன்னலைப் பாத்தனான்."

அப்போதுதான் எனக்கு அந்த நவம்பர்ப் பார்வை விளங்கியது.

அவள் எழும்பினாள். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமே, இழுத்தேன். "விசரே உனக்கு? இரு! லைவ் போகுதடி!" என்றேன். என் கையை விலக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று, "ஸே முவா" என்றாள். நான்தான் என்றாள். முந்நூறு தலை திரும்பியது. முக்காலியில் நின்ற தொலைபேசியையும் யாரோ எங்கள் பக்கம் திருப்பினார்கள்.

"எனக்கு நட்சத்திரம் வேண்டாம், மதாம்" என்றாள், தன் உடைந்த பிரெஞ்சில். "உங்கள் அம்மா என்னிடமும் கேட்டார். நான் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வைக்கவில்லை. பயத்தில்."

ஒருவரும் கை தட்டவில்லை. மேடையோரம் நின்ற லூர்தெஸ் ஓடிவந்தாள். வந்து, அக்னெஸின் வலது கையை எடுத்துக் குனிந்து தன் நெற்றியில் வைத்தாள். மூத்தவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க அவர்கள் செய்வது அது. சொலான்ஜ் மெல்ல இறங்கி வந்து எங்களுக்கு முன்னால் நின்றார். பிளந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எத்தனை தரம் கேட்டார்?"

"ஐந்து கிழமை. பத்துத் தரம்... பதினொரு தரம்."

அவர் தலையாட்டினார். மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. நட்சத்திரத்தை அக்னெஸின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, ஜாக்கெட்டைத் தேடப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாட்களை நான் எதிரிக்கும் விரும்பமாட்டேன். அந்தக் காணொளி மன்னார் வரைக்கும் போய்விட்டது. றெனோல்ட் தொலைபேசி எடுத்து, "ஏன் இப்பிடிச் செய்தனி?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார். கத்தரின் மட்டும் குரல் செய்தி அனுப்பினாள்: "அம்மா, பயப்பிடாதேங்கோ." அதைக் கேட்டுக் கேட்டு அக்னெஸ் அழுதாள். விடுமுறை முடிந்ததும் முகாமையாளரின் கடிதம் வந்தது. ஜனவரி ஆறு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. இந்தமுறை உறையை உடனே பிரித்தாள். பிரித்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்துத் துடைத்து வைத்தாள்.

நான் சந்தையில் லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன். வாசலுக்கு எதிரே பஸ் தரிப்பில் நின்றேன். நாற்பது நிமிடம். நாலு பஸ் போனது. கால் விரல் மரத்துப் போனது. கதவு திறந்தது. நடந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னவாம்?"

"சொலான்ஜ் கடிதம் எழுதியிருக்கிறா. செப்டம்பரில தான்தான் வாயால அனுமதி தந்தவவாம், பேந்து மறந்துபோய் முறைப்பாடு குடுத்திட்டாவாம். எண்ணெய்க்கும் படத்துக்கும் தானே பொறுப்பாம்."

"மாதாவே! பிறகென்ன? ஓமெண்டு சொன்னியே?"

"இல்லையெண்டன்."

நடுத்தெருவில் கத்தப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். "அவ எனக்காகப் பொய் எழுதினவ, அக்கா. மனேஜர் கடிதத்தைக் காட்டி, இது உண்மையோ எண்டு கேட்டவர். அதுக்குக் கீழ கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு கடதாசி. பழைய கடதாசியும் பக்கத்தில கிடந்தது. பொய்யில இன்னொருக்கா கையெழுத்துப் போட எனக்குக் கை வரேல்ல. அனுமதி ஒருத்தரும் தரேல்ல, நானாத்தான் வைச்சனான், பயத்தில இல்லையெண்டு எழுதினனான், பயத்தில நிப்பாட்டினனான் எண்டு சொன்னன்."

முகாமையாளர் இரண்டு கடதாசிகளையும் ஒரே கோப்பில் வைத்து மூடினாராம். குடும்பத்துக்கு முறைப்பாடு இல்லை. எழுத்தில் எச்சரிக்கை, மூன்று நாள் சம்பளமில்லாத விடுப்பு, வெள்ளிக்கிழமை வேலைக்கு வரவும். படம் பிடித்த லூர்தெஸுக்கும் எழுத்தில் எச்சரிக்கை. கருணை என்று நினைக்காதீர்கள். அந்தக் கிழமை அந்த மாடியில் ஐந்து பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். இவளையும் அனுப்பினால் யார் தூக்கி இருத்துவது, யார் துடைப்பது?

"வேலை கிடக்கு அக்கா" என்றாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். பாதி வழியில், "எல்லாரும் எனக்கு ஒண்டும் நடக்கேல்ல எண்டு சந்தோசப்படுவினம். எனக்கு நடக்கேல்லத்தான். அந்த அம்மாவுக்கெல்லோ நடந்தது" என்றாள்.

குசினிக்குள் வந்து ஜாக்கெட்டைக் கழற்றினோம். யன்னல் விளிம்பில் அந்தப் போத்தல் ஒக்டோபரிலிருந்து வெள்ளையாக உறைந்தபடியே இருந்தது. அக்னெஸ் அதை எடுத்துச் சுடுதண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரத்தால் உருகத் தொடங்கியது.

அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லித்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். எண்ணெய் வாங்கிக் கொடுத்தது நான். இல்லையெண்டு சொல்லிப்போட்டு வா என்று அனுப்பியது நான். அந்த மண்டபத்தில் அவள் எழும்பியபோது பக்கத்துக் கதிரையில் நானும் இருந்தேன். குடியுரிமை எடுத்து இருபது வருடம். எனக்குப் பறிபோக ஒன்றுமில்லை. நான் எழும்பவில்லை.